டியூப்ல கரு நின்னிருக்குமோ? ஒரு பயத்தின் வரலாறு

தர்மபுரி மாவட்டத்துல ஒரு ஊர்ல இருக்கீங்க. பென்னாகரமோ, பாலக்கோடோ, அரூருக்கு மேல ஒரு மலைக்கிராமமோ. எண்டோமெட்ரியோசிஸ்னு ஏற்கெனவே சொல்லியிருக்காங்க. மாசாமாசம் சுருண்டு படுத்துப் பழகின உடம்பு. இப்போ நாள் தள்ளிப் போயிருக்கு, கிட்ல ரெண்டு கோடு. சந்தோஷத்துக்குப் பின்னாடியே ஒரு பயமும் வருது: "டியூப்ல நின்னிருந்தா?"

வீட்ல சொன்னா, "நல்ல சேதி வந்த நேரத்துல ஏம்மா அபசகுனமா பேசற"ம்பாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. திரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல கணக்கு. 100 கர்ப்பத்துல ஒன்றோ இரண்டோதான் கருப்பைக்கு வெளியே தங்கும். அதிலும் 90 சதவீதத்துக்கு மேல கருக்குழாயில். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் இந்த வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. சில ஆய்வுகளில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அப்படிப் பார்த்தாலும் உங்களை மாதிரி 100 பேரில் 90க்கு நிறையவே மேல கரு சரியான இடத்தில்தான் இருக்கும்.

ஏன் கூடுது? கருப்பையின் உள்சுவர் மாதிரியான திசு வெளியே வளர்ந்து, சுற்றியுள்ள உறுப்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைக்கும். குழாய் வளையும், இழுபடும். உள்ளே கருவை நகர்த்தும் மெல்லிய இழைகளும் சரியா வேலை செய்யாம போகலாம். கரு பாதி வழியிலேயே தங்கிடும்.

அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921-ல் சினைப்பையில் பழைய ரத்தம் கட்டி நிற்கும் கட்டிகளைப் பற்றி விரிவா எழுதினார். சாக்லேட் சிஸ்ட்னு நாம இன்னைக்கும் சொல்ற அதே கட்டிதான். (பேர் மட்டும்தான் இனிப்பு.) எண்டோமெட்ரியோசிஸ் என்ற பேர் நிலைச்சதும் அவர் எழுத்தாலதான்.

குழாய்க் கர்ப்பத்தின் கதை அதைவிட ரொம்பப் பழசு, ரொம்பக் கொடூரம். 1876-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் பாரி என்ற மருத்துவர் அதுவரை பதிவான 500 கேஸ்களைத் தொகுத்தார். மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் என்ன நடந்தது என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

அப்புறம் இங்கிலாந்தின் பர்மிங்காம். ராபர்ட் லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர். 1880களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணைக் காட்டி, "குழாய் வெடிச்சிருக்கு, வயிற்றைத் திறங்க" என்று இன்னொரு மருத்துவர் யோசனை சொன்னார். டெய்ட் மறுத்துவிட்டார். அந்தப் பெண் இறந்தாள். உடலைத் திறந்து பார்த்தபோது, அந்த ஒரு இடத்தில் கட்டுப் போட்டிருந்தாலே பிழைத்திருப்பாள் என்று தெரிந்தது. அந்தத் தயக்கத்தை டெய்ட் பிறகு மறைக்காமல் எழுதினார். 1883-ல் அடுத்த கேஸைத் திறந்தார், அவளும் இறந்தாள். அதே வருஷம் மார்ச்சில் திறந்த பெண் பிழைத்தாள். 1888-ல் அவர் கணக்குக் காட்டியபோது 42 பேரில் இறந்தவர்கள் 2 பேர்தான்.

டெய்ட் மாதிரி கை இருந்தாலும், பெண்கள் வந்து காட்டினால்தானே? ஆண் டாக்டரிடம் போகாத பெண்களுக்காக மேரி ஷார்லீப் சென்னையில் 1885-ல் ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமா இருந்தார். திருவல்லிக்கேணிக்காரங்க இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்றாங்க.

ஆபரேஷன் வந்தாச்சு, அடுத்த பிரச்சினை ரத்தம். குழாய் வெடித்தால் ஒன்றரை, இரண்டு லிட்டர் ரத்தம்கூட வயிற்றுக்குள்ளேயே தேங்கும். 1914-ல் ஜெர்மனியில் தீஸ் என்ற மருத்துவர் அந்த ரத்தத்தையே எடுத்து, வடிகட்டி, அதே பெண்ணுக்குத் திரும்ப ஏற்றினார். மூன்று பேருக்கு இப்படிச் செய்து பதிவு செய்திருக்கிறார். பழங்கதைன்னு நினைக்காதீங்க. ரத்த வங்கி எட்டாத இடங்களில் நம்ம நாட்டுக் கிராமப்புற சர்ஜன்கள் இந்த முறையை வெகுகாலம் கையில் வைத்திருந்தார்கள்.

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருவோம். கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கு. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் தொடங்கியபோது பக்கத்து மருத்துவமனைக்கே சுமார் 50 கி.மீ. போகணும், ஆபரேஷன்னா அதைவிடத் தொலைவு. குழாய் வெடித்த ஒரு பெண்ணை அந்தத் தூரத்தோடு சேர்த்து யோசிச்சுப் பாருங்க. உள்ளூர்ப் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்து அவங்க வளர்த்த மருத்துவமனை இன்னைக்கும் அங்கே நடக்குது. மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்ததும் அதே 2008.

ஆனா வெடிச்ச பிறகு ஓடுறதைவிட, வெடிக்கும் முன்னாடி கண்டுபிடிக்கிறதுதான் பெரிய மாற்றம். 1958-ல் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு வயிற்றுக்குள் பார்க்க அல்ட்ராசவுண்டைப் பயன்படுத்திக் கட்டுரை வெளியிட்டார். 1972-ல் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை வந்தது. 1980களில் பிறப்புறுப்பு வழியா பார்க்கும் ஸ்கேன். மூன்றும் சேர்ந்ததும் கதை தலைகீழாச்சு.

எனக்குப் பிடிச்ச பகுதி இனிமேதான். எல்லாப்பிரகட சுப்பாராவ். தெலுங்குக்காரர், மருத்துவம் படிச்சது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல. கதர் உடுத்தி வந்தது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், எம்.பி.பி.எஸ். கிடைக்காம எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அவருடைய சகோதரர்கள் இருவர் இறந்தார்கள். பிறகு அமெரிக்கா போனார். 1940களில் லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே குழு அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் உருவாக்கியது. அதில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். முதலில் புற்றுநோய்க்குத்தான் கொடுத்தார்கள். சுப்பாராவ் 1948-ல் இறந்து 34 வருஷம் கழித்து, 1982-ல், ஜப்பானில் அதை எக்டோபிக் கர்ப்பத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலை செய்தது. இன்று சீக்கிரம் கண்டுபிடிக்கப்படும் பல பெண்கள் கத்தியே படாமல் ஊசியோடு வீடு திரும்புகிறார்கள்.

கர்ப்பம்னதும் நம்ம பி.எச்.சி.யில கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் மாத்திரையும், கரு குழாயில் இருந்தா போடுற ஊசியும் ஒரே மனிதரின் ஆய்வகத்திலிருந்து வந்தவை. அதனாலதான் அந்த ஊசி போட்டால் ஃபோலிக் மாத்திரையை நிறுத்தச் சொல்றோம். ஊசி எல்லோருக்கும் ஒத்துவராது. குழாய் வெடிக்காம, எச்.சி.ஜி. அளவு ரொம்பக் கூடாம, மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு வர முடிஞ்சாதான்.

இப்போ உங்க விஷயம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவங்ககிட்ட நான் பயப்படுறது குழாயைப் பார்த்து மட்டும் இல்ல. வலிக்குப் பழகிப் போயிருக்கீங்களே, அதைப் பார்த்துத்தான். மத்தவங்க அலறிட்டு வர்ற வலிக்கு நீங்க வெந்நீர் ஒத்தடம் கொடுத்துட்டு, "எப்பவும் வர்றதுதானே"ன்னு அடுப்படிக்குப் போயிடுவீங்க.

நாள் தள்ளி கிட் பாசிட்டிவ்னா, வலி இல்லாட்டியும் கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து 6 வாரம் வாக்கில் ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள்ளதான் இருக்கான்னு பார்த்துடுங்க. ஒரு பக்கமா வலி, லேசா ரத்தக்கசிவு இருந்தா 6 வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அன்னைக்கே போங்க. தலை சுத்தி மயக்கம், தோள்பட்டை நுனியில வலி வந்தா பஸ்ஸுக்கு நிக்காதீங்க, 108.

போகும்போது பழைய எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போங்க. கேஷுவாலிட்டியில "வயித்து வலி"ன்னு மட்டும் சொன்னா கேஸ் ட்ரபிள்னு நினைக்க வாய்ப்பு இருக்கு. "நாள் தள்ளியிருக்கு, கிட்ல பாசிட்டிவ், எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கு"ன்னு மூணையும் முதல் வரியிலேயே சொல்லுங்க. கூட வர்றவருக்கும் இதைச் சொல்லி வெச்சிடுங்க, உங்களால பேச முடியாமப் போனா அவங்கதான் சொல்லணும்.