புல்லுருவியும் ஒரு தாயின் கண்ணீரும்

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்து அட்டைகளில், வீட்டு வாயிலின் மேல் தொங்கும் ஒரு பசுந்தழைக் கொத்தை நாம் கண்டிருக்கிறோம். முத்தனைய வெண்கனிகள் கொண்ட அதனை ஆங்கிலேயர் மிசில்டோ என்பர். நம் மாமரங்களைப் பற்றி வளரும் புல்லுருவிக்கு அது தூரத்து உறவு. அதன் கீழ்ச் சந்திப்போர் முத்தமிட்டுக்கொள்வது இங்கிலாந்தின் வழக்கம்.

அவ்வழக்கத்திற்கு ஒரு கதை கூறுவர். வடபுலத்தாரின் காதல் தெய்வமாகிய பிரிக், மாண்ட தன் மகன் பால்டரை மீண்டும் உயிருடன் பெற்றாளாம். அவள் கண்ணீரே வெண்கனிகளாயிற்றாம். அம்மகிழ்ச்சியில், தழையின் கீழ் வருவோர்க்கெல்லாம் முத்தத்தை வரமாக அளித்தாளாம். இனிய கதைதான். ஆயினும் பழைய ஏடுகளில் இது இல்லை. காதல் தெய்வம் பிரேயா. பிரிந்து சென்ற கணவனுக்காகப் பொற்கண்ணீர் வடித்தவள் அவள். பிரிக்கோ ஓடினின் மனைவி. வெள்ளிக்கிழமையின் ஆங்கிலப் பெயரில் வாழ்பவள். இருவரையும் ஒருவராகக் கலந்துவிட்டனர் பிற்காலத்தார். முத்தமிடும் வழக்கத்திற்கும் 18-ஆம் நூற்றாண்டுக்கு முந்திய தெளிவான சான்று இல்லை.

பழைய கதையை விரிவாக எழுதியவர் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன். அந்நாடு கிறிஸ்தவத்தை ஏற்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1220-ஐ ஒட்டி, கிறிஸ்தவராகிய அவர் தம் முன்னோரின் கதைகளை 'எட்டா' என்னும் நூலில் தொகுத்தார்.

தன் மரணத்தை முன்னறிவிக்கும் கனவுகளைப் பால்டர் காண்கிறான். தாய் கலங்குகிறாள். நெருப்பு, நீர், இரும்பு, கல், நோய், நஞ்சு என அனைத்திடமும், அவனைத் தீண்டுவதில்லை என்று ஆணை பெறுகிறாள். பின்னர்த் தேவர்கள் அவனை நடுவில் நிறுத்தி, அம்பும் கல்லும் எறிந்து விளையாடுகின்றனர். எதுவும் அவனைத் துன்புறுத்தவில்லை. பெண்ணுருவில் வந்த லோக்கி மெல்ல வினவ, தாய் வாய் தவறிக் கூறிவிடுகிறாள்: மேற்கே வளரும் ஒரு புல்லுருவியிடம் மட்டும் ஆணை பெறவில்லை, அது மிகவும் இளையதாய்த் தோன்றிற்று. லோக்கி அதனைப் பறித்துவந்து, விளையாட்டில் சேராது ஒதுங்கி நின்ற பார்வையற்ற ஹோடரின் கையில் தந்து, எறியும் திசையையும் காட்டுகிறான். பால்டர் விழுகிறான். எறிந்தவனும் அவன் உடன்பிறந்தானே என்பதை நாம் மறக்கலாகாது.

தாய் அப்போதும் ஓயவில்லை. அவள் வேண்டுகோளை ஏற்று, ஹெர்மோத் ஒன்பது இரவுகள் குதிரையேறிக் கீழுலகம் செல்கிறான். உலகின் எல்லாப் பொருள்களும் அழுதால் பால்டரை விடுவதாகக் கூறுகிறாள் அதன் தலைவி ஹெல். மனிதரும் விலங்கும் மரமும் கல்லும் உலோகமும் அழுகின்றன. குளிரிலிருந்து வெப்பத்திற்கு வரும் கல்லும் இரும்பும் நீர் துளிர்ப்பதைத்தான் அதற்குச் சான்றாகக் காட்டுகிறார் ஸ்னோரி. இவ்வளவு எளிய காட்சியில் இவ்வளவு பெருந்துயரை வைத்தவர் வேறு எவரோ, நாம் அறியோம். குகையில் அமர்ந்திருந்த தோக் என்னும் அரக்கி மட்டும் அழ மறுக்கிறாள். அவளே லோக்கி என்று மக்கள் எண்ணினராம். பால்டர் திரும்பவில்லை.

இம்முடிவை மென்மையாக்க ஸ்னோரி முயலவில்லை. தாய்க்கு மகனைத் திருப்பித் தந்தவர்கள் பின்வந்தவர்களே. 'எட்டா'வில் பால்டர் கீழுலகினின்று வருவது, தேவர்களும் மாண்டு, பழைய உலகம் எரிந்து, புதிய நிலம் கடலினின்று பசுமையாய் எழுந்த பின்னரே. தன்னைக் கொன்ற ஹோடருடன் சேர்ந்து வருகிறான். இருவரும் அமர்ந்து பழையன பேசுகின்றனர். அங்கே பிரிக்கின் பெயர் இல்லை.