மாயாவியைத் தேடும் வாசகர்

இந்தியக் காமிக்ஸ் ரசிகர் கூடுகைகளின் வரலாற்றை 2011 தில்லி காமிக் கானிலிருந்து தொடங்குவது வழக்கம். தமிழ் வாசகருக்கு அத்தொடக்கம் பொருந்துவதில்லை.

1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலிலிருந்து தமிழ் வாசகர் ஒருவர் பெங்களூரு காமிக் கானுக்குச் சென்றால், எதிர்ப்படுவோர் பெரும்பாலும் பேட்மேன், ஸ்பைடர்மேன் வேடத்தினரே. அவர் தேடும் நாயகனோ இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 'ஸ்டீல் கிளா'வாகத் தோன்றிய லூயிஸ் கிராண்டெலுக்கு, 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழ் இட்ட பெயர் அது. மூலப்பெயர் உலோகக் கையை மட்டுமே சுட்டுகிறது. தமிழ்ப்பெயரோ அவன் உருமறைவதையும் சேர்த்துச் சொல்கிறது. இப்பெயர்ப்பு மூலத்தினும் செறிவானது. (மாயாவி வேடமிடக் கையுறை ஒன்று போதும், மின்சாரம் பாய்ந்ததும் கை தவிர மற்றதெல்லாம் மறைய வேண்டுமே, அதுதான் சிக்கல்.)

பெங்களூருவுக்குக் காமிக் கான் 2012இல் வந்தது. தமிழ் ரசிகரின் கூடுகையோ ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி நிகழ்வது: வேடங்கள் இல்லை, பதிப்பாசிரியர் விஜயனோடு நேர்முகமாக உரையாடுகிறார்கள், எக்கதையை மறுபதிப்பிடலாம் என்று வாதிடுகிறார்கள். 1970இல் சான் டியேகோவில் ஓட்டல் ஒன்றில் கூடிய முதல் கூட்டத்திற்கு இன்றைய பெங்களூரு அரங்கைவிட ஈரோடே நெருக்கம்.