காசிமேட்டு மணிக்கட்டு

வடசென்னையின் மீனவர் பகுதியான காசிமேட்டின் வரலாறு பெரும்பாலும் கலங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது: முதலில் கட்டுமரம், பிறகு விசைப்படகு, பிறகு மீன்பிடித் துறைமுகம். அந்தக் கலங்களை ஓட்டிய கைக்கும், குறிப்பாக மணிக்கட்டுக்கும், அதில் சரிபாதி இடம் உண்டு என்பது என் வாதம். மணிக்கட்டில் இரண்டு வரிசையாக எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் இருப்பவை பெரும்பாலும் வழுக்கு மூட்டுகள். ஏறக்குறையத் தட்டையான இரு பரப்புகள், அவற்றின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு, நடுவே மூட்டுத் திரவம், அவ்வளவுதான். கதவுக் கீல்போல அகலத் திறந்து மூட அவற்றால் ஆகாது. ஒன்றன்மேல் ஒன்று சற்றே நழுவும்; அதற்கு மேல் போகாமல் சுற்றியுள்ள நார்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு சிறிய அசைவா ஒரு தொழிலைத் தாங்கியது, வலை இழுப்பது தோளும் முதுகும் அல்லவா என்று கேட்கலாம். அந்த முதுகு குனிந்து நிமிர்வதே முள்ளெலும்புகளின் பின்புறத்து வழுக்கு மூட்டுகளையும் நம்பித்தான். மணிக்கட்டை மடக்கும்போதும் அசைவு முழுவதும் முன்கை எலும்பின் முனையில் நடப்பதில்லை. பெரும் பங்கு அந்த இரு வரிசைகளுக்கு நடுவே நடக்கிறது. வலை பின்னுகிறவர் கையைக் கவனித்தால் இது விளங்கும். இடது கை கண்ணியை விரித்துப் பிடிக்கும். வலது கை ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, முடிச்சைச் சுண்டி இறுக்கும். அந்தச் சுண்டி இழுப்பில் தோளுக்கு வேலை மிகக் குறைவு.

எஞ்சின் வந்ததும் இந்தக் கதை முடிந்துவிட்டது என்பார்கள். எஞ்சின் துடுப்பையும் பாயையும்தான் ஓரங்கட்டியது. வலை பழுதுபார்ப்பதும் மீன் பிரிப்பதும் இன்றும் கைவேலையே. கூடவே வலையை இழுக்கும் வின்ச்சும், திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை இயந்திரங்களும் கைக்குப் புது ஆபத்தைக் கொண்டுவந்தன. கையைச் சீரமைக்கும் மருத்துவமும் வளர்ந்தது. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலேயே தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கத் தொடங்கியிருந்தார். விபத்தில் சிதைந்த கைகளுக்கென 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தனிப் பிரிவு தொடங்கிய இடம், ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனை. இந்தியக் கை அறுவை சிகிச்சைக்கு முன்னோடியான அந்தப் பிரிவு தொழிலாளர் நெருங்கி வாழும் வடசென்னையில் பிறந்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. ஆனால் அறுவை சிகிச்சையோடு வேலை முடிந்துவிடாது. எலும்பு கூடிவிட்டாலும், நெடுநாள் கட்டுக்குள் அசையாமல் கிடந்த மணிக்கட்டில் நார்களும் மூட்டுறையும் சுருங்கி, எலும்புகள் நழுவ மறுக்கும். ஆகவே தையல் பிரித்த பிறகும் வாரக்கணக்கில் பயிற்சி தேவை. அது முடியும்வரை ஒரு மீனவருக்குக் கை முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது.