தெத்துப்பல் பிறந்த கதை

கோலார் தங்க வயலில் களியை மெல்லும் வழக்கமில்லை. ராகி உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவார்கள். சுரங்க வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அக்கம்பக்கத்துக் கன்னடக் குடும்பங்களுக்கும் பொதுவான சாப்பாடு அது. தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. இன்று அங்கே பெமல் நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிள்ளைக்குப் பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முளைத்தால், கிளிப் போடலாமா என்ற கேள்வி எல்லா ஊரையும் போல அங்கும் எழத்தான் செய்யும்.

களிமேல் பழி போடுவது சுலபம். ஆனால் ஒரு வேளைச் சாப்பாடு தாடையைத் தீர்மானித்துவிடாது. பிள்ளைப் பருவம் முழுவதும் வாய் எவ்வளவு உழைத்தது என்பதே கேள்வி.

காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் கன்னத்தில் ஒரு தசை புடைக்கும். நெற்றிப்பொட்டில் இன்னொன்று அசையும். மெல்லும் வேலையில் பெரும் பங்கு இவற்றுக்குத்தான். எலும்பு, தான் சுமக்கும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் எழுதினார். தாடையும் எலும்புதானே! அழுந்தக் கடித்து வளர்ந்த தாடை அகலும். வேலை குறைந்தால் இடம் சுருங்கும். பல்லின் பருமனோ பெரும்பாலும் பரம்பரையில் வருவது. அது தாடையோடு சேர்ந்து சுருங்குவதில்லை. தெத்துப்பல் பிறப்பது இந்தப் பொருத்தமின்மையில்தான்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் மானிடவியலாளர் ராபர்ட் கொருச்சினி முக்கியமானவர். மெத்தென்ற தீனி தின்று வளர்ந்த அணில் குரங்குகளுக்கு அண்ணம் குறுகிப் பல்வரிசை கோணியதை அவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1982-இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே நம் நாட்டின் வடக்கிலிருந்து ஒரு சான்று வந்தது. பஞ்சாபிய இளைஞர்களில், கிராமத்தாரைவிட நகரத்தாருக்கே பல்வரிசைக் கோளாறு அதிகம். ஒரே மக்கள், ஒரே பரம்பரை. மாறியது வாழ்க்கையும் சாப்பாடும்தான். 2003-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கன்னத் தசையின் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். பெண்களிடம், தசை தடித்திருந்தால் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே அகலமும் கூடியிருந்தது.

தசை ஒன்றே காரணமல்ல. உள்ளிருந்து நாக்கு தள்ளுகிறது, வெளியிலிருந்து கன்னமும் உதடும் அழுத்துகின்றன. இரண்டுக்கும் நடுவில்தான் பல்வரிசை வளைகிறது. விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது, பால்பல்லை முன்னதாகவே சொத்தைக்குப் பறிகொடுப்பது எல்லாம் அதைக் குலைக்கும். முக அமைப்பும் பெற்றோர் வழி வருகிறது. ஆகவே எவ்வளவு மென்றாலும் சிலருக்குக் கிளிப் தேவைப்படும். அதில் யார் குற்றமும் இல்லை.

ஆனாலும் நம் கையில் ஒன்று இருக்கிறது. இருபது பால்பல்லும் மூன்று வயதுக்குள் முளைத்துவிடும். ஆறு வயதிலிருந்து நிலைப்பற்கள் வரத் தொடங்கும். தாடை வளரும் அந்த ஆண்டுகளில் எல்லாவற்றையும் குழைத்துப் பிசைந்து ஊட்டாமல், பிள்ளையை மென்று தின்னப் பழக்க வேண்டும். களியோடு, வயதுக்கேற்பச் சின்னதாக நறுக்கிய கேரட்டும் கொய்யாவும் தேங்காய்ச் சில்லும் இருக்கட்டும். முழுக்கடலை சின்னக் குழந்தைக்குப் புரையேறும். அது நாலைந்து வயதுக்குப் பிறகு. ஆறேழு வயதில் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட்டால், இடம் போதுமா என்று அப்போதே சொல்லிவிடுவார்.