பசிலியாரின் 94ஆம் கடிதம்: நோயாளி என்னும் விருந்தினர்

செசரியா ஆயர் பசிலியார் நகருக்கு வெளியே எழுப்பிய வளாகத்தை முதல் மருத்துவமனை என்று போற்றும் ஆய்வுமரபு ஆழ வேரூன்றிவிட்டது. அதன் பார்வையில் மருத்துவரே மையம். செவிலியர் அவருக்குத் துணை. விருந்தோம்பலோ சமயச் சொல்லணி. கி.பி. 372 அளவில் கப்பதோக்கியா ஆளுநர் எலியாசுக்குப் பசிலியார் எழுதிய கடிதம் இந்த முடிவுக்கு இடம்தரவில்லை.

கடிதம் தற்காப்புக்காக எழுதப்பட்டது. பசிலியாரின் செயல்களால் பொதுக்காரியங்களுக்குக் கேடு என்று ஆளுநரிடம் யாரோ கோள் சொல்லியிருக்கிறார்கள். பசிலியார் கட்டடங்களை வரிசைப்படுத்துகிறார்: வழிபாட்டு இல்லம், ஆயருக்கும் குருக்களுக்கும் உறைவிடம், பின்னர் அயலாருக்கான விடுதிகள். அயலார் யார் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். வழிப்போக்கர் ஒரு வகை. நோயினால் பராமரிப்பு வேண்டுவோர் இன்னொரு வகை. இவர்களுக்கென அமர்த்தப்பட்டவை நான்கு: செவிலியர், மருத்துவர், பொதிவிலங்குகள், வழித்துணை ஆட்கள்.

இந்த நான்கும் ஒரே மூச்சில் வருகின்றன. மருத்துவமனை வாதம் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பயணிகளின் கணக்கில் தள்ளிவிடுகிறது. வாக்கியத்தில் அப்படியொரு பிரிவினை இல்லை. புண்ணைக் கழுவுவதும், நடக்க இயலாதவரை விலங்கின் மேல் ஏற்றித் துணையோடு அனுப்புவதும் இங்கே ஒரே உபசரிப்பின் பகுதிகள். நோயாளி அயலாருள் ஒருவராகவே உள்ளே வருகிறார். செவிலியர் முதலில் நிற்பதைக் கொண்டு மட்டும் அவர்களே உயர்ந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பட்டியலின் வரிசை தற்செயலாகவும் அமையலாம். ஆனால் பொதிவிலங்கு அங்கே நிற்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

கோளுக்குப் பதில் சொல்பவர் மிகைப்படுத்தியிருப்பார் என்பது ஒரு மறுப்பு. நேரில் வந்து பார்க்கக்கூடிய ஆளுநரிடம் எவ்வளவு மிகைப்படுத்த முடியும்? பணிகள் அப்போது முடிந்திருக்கவில்லை என்றே கொண்டாலும், அவர் மனத்தில் இருந்த திட்டம் இதுதான். உரோமைப் படையிடம் இதற்கு முன்பே மருத்துவ விடுதிகள் இருந்தன என்பாரும் உண்டு. அவை படைவீரருக்கானவை, ஊர்பேர் தெரியாத ஏழைக்கு அங்கே இடமில்லை.

பசிலியார் 379இல் மறைந்தபின் நசியான்சு கிரகோரியார் ஆற்றிய புகழுரை இந்த வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. புகழுரையில் அலங்காரம் இருக்கும்தான். எதை அலங்கரிக்கிறார் என்பதே இங்கே கேள்வி. பிறருக்குச் சமையற்காரர்களும் ஆடம்பரப் பந்திகளும் இருந்தனவாம். பசிலியாருக்கோ நோயாளிகளும் அவர்களின் புண்களுக்குச் செய்யும் பணிவிடையும். பந்தி இருக்க வேண்டிய இடத்தில் புண்ணின் பராமரிப்பை வைக்கிறார் கிரகோரியார். தொழுநோயாளரைச் சகோதரராக முத்தமிட்டு வரவேற்ற ஆயரை அவர் நினைவுகூர்வதும் இதே பகுதியில்தான்.

நோயாளர் பராமரிப்பும் விருந்தோம்பலும் இப்படி இணைவதை மேற்கிலும் காணலாம். ஃபபியோலாவைப் பற்றி ஜெரோம் 399 அளவில் எழுதிய கடிதத்தின்படி, உரோமையில் நோயாளர் இல்லம் திறந்து, பிறர் பார்க்கவும் கூசிய புண்களைத் தம் கையால் கழுவிய பெண் அவர். அதே ஃபபியோலாதான் பம்மாக்கியுசுடன் சேர்ந்து போர்துஸ் துறைமுகத்தில் அயலாருக்கு விடுதியும் கட்டினார்.