இருதயத்தின் எதிரொலி

கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதர் கோயில் பிராகாரத்தில் நின்று கைதட்டி, கல்மதிலில் மோதித் திரும்பும் ஓசையைக் கேட்டு மகிழாத சிறுவர் எங்கள் காலத்தில் இலர். நானும் அவர்களுள் ஒருவன். அந்த விளையாட்டுக்கும் வைத்திய சாஸ்திரத்துக்கும் உறவு உண்டென்பதை என் தமக்கையார் நோயுற்றபோதுதான் அறிந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கால்கள் இரண்டும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. இரவெல்லாம் திண்ணைத் தூணில் சாய்ந்தபடியே கழித்தார். ‘வாயுத் தொல்லை’ என்றனர் அண்டை அயலார். நானும் அதை நம்பி இரண்டு வாரங்களை வீணாக்கினேன். பின்னர் சங்கரன்கோவில் மருத்துவர் ஒருவர், இது இருதயத் தளர்ச்சியாக இருக்கலாம் என்று ஐயுற்று, ‘எக்கோ’ எடுத்துவரும்படி பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். அங்கே மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி, கைக்கடக்கமான ஒரு கருவியை வைத்து அழுத்தினர். கத்தியில்லை, ஊசியில்லை; திரையில் என் தமக்கையாரின் இருதயம் துடித்துக்கொண்டிருந்தது.

மாணவர்களே, இந்தக் காட்சி மனிதனுக்கு எளிதில் கிட்டியதன்று. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் கை நரம்பின் வழியே மெல்லிய குழாயொன்றை இருதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே சென்று படம் எடுத்துக்கொண்டார். அதன்பின் நெடுங்காலம், இருதயத்தின் உட்புறத்தைச் செவ்வையாக ஆராய விரும்பியவர்க்குக் குழாயே வழியாக இருந்தது. நலிந்த நோயாளிக்கு அது அபாயம் கலந்த வழி.

சுவீடன் நாட்டில் லுண்ட் நகரத்து மருத்துவர் இங்கே எட்லரை வருத்தியதும் இதுவே. ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களுள் எவர்க்கு அறுவைச் சிகிச்சை பயன்படும் என்பதை முன்கூட்டி அறிய அவர் விரும்பினார். அவ்வூரில் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞர் இருந்தார். கப்பல் கட்டுமிடங்களில் உலோகத்தில் விரிசல் உண்டா என்று அறிய, நம் செவிக்கு எட்டாத நுண்ணொலியைச் செலுத்தி அதன் எதிரொலியை ஆராய்வார்கள். ஹெர்ட்ஸ் 1953-இல் மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் துறைக்குச் சென்று, அந்தக் கருவியைத் தம் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். எதிரொலி அசைந்தது! சீமென்ஸ் நிறுவனத்திடம் கருவியொன்றை இரவல் பெற்று, அவ்வாண்டு அக்டோபர் 29-இல் இருவரும் இருதய அசைவை முதன்முதலாகப் பதிவு செய்தனர்.

கணக்கு மிக எளியது. நம் உடற்தசையில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்லும். 7.7 சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு போதும். காலத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். இடையே காற்றிருந்தால் ஒலி நுழையாது. பசை தடவுவது அதனால்தான்.

ஆனால் அந்த எதிரொலி எதிலிருந்து வந்தது? இங்கேதான் எட்லர் தவறினார். வேகமாக அசைந்த ஒரு கோட்டை இடது மேலறையின் சுவரென்று அவர் கருதினார். ஐயம் அவரை விடவில்லை. மரணத் தறுவாயிலிருந்த நோயாளிகளின் மார்பில் ஒலி சென்ற திசையைக் குறித்துவைத்து, அவர்கள் இறந்தபின் அதே திசையில் நீண்ட ஊசியைச் செலுத்திப் பார்த்தார். ஊசி சென்று தொட்டது சுவரையன்று. ஈரிதழ் வால்வின் முன்னிதழை! தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். கப்பல் துறைக் கருவியை மார்பில் வைத்த துணிச்சலைவிட இந்தத் திருத்தமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கோடு எதைக் குறிக்கிறதென்று தெரியாவிட்டால் கருவி இருந்தென்ன?

பிறகு வேலை விரைந்தது. 1960-களில் அமெரிக்காவில் ஹார்வி ஃபைகன்பாம் இம்முறையைக் கீழறையை அளப்பதற்கும் பரப்பினார். 1970-களில் அசையும் படங்கள் வந்தன. இருதயத் தளர்ச்சியை அளக்க ஓர் எண் உண்டு. நிரம்பிய இடது கீழறையிலுள்ள குருதியில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே அவ்வெண். நலமுள்ளோர்க்கு அது பெரும்பாலும் 55-க்குக் குறையாது. இன்னும் ஒரு வியப்பு: அவ்வெண் குறையாமலே தளர்ச்சியுறும் இருதயங்களும் உண்டு. அவற்றின் தசை விறைத்து, குருதியை ஏற்க மறுக்கும். கால்வீக்கமும் மூச்சுத்திணறலும் இருவகையிலும் ஒன்றே. மருந்தோ முற்றிலும் ஒன்றன்று. வகை பிரித்துக் காட்டுவது எக்கோவே.

செங்கோட்டை வழியே மலையைக் கடந்தால் வரும் திருவனந்தபுரத்தில், 2013-இல் இந்நோய்க்காக மருத்துவமனை சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்தனர். அவர்களின் சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்நோயால் மருத்துவமனை சேர்வோரைவிட இது சுமார் பத்தாண்டு குறைவு.

என் தமக்கையாருக்கு அப்போது வயது 58; எண் 28. மருந்து தொடர்ந்தபின் சென்ற ஆண்டு எடுத்த படத்தில் அது 41. “உள்ளே என்னதான் சொல்லுது?” என்று கேட்டார். சொன்னேன். இப்போது திண்ணையில் பகலில் மட்டும் உட்காருகிறார்.