பரிசலில் நாய்க்கும் ஒரு சாக்கு

நம் கொங்கு நாட்டு ஆறுகளில் மரத் தோணியைவிடப் பரிசலே அதிகப் பழக்கம். மூங்கில் பிளாச்சில் கூடை பின்னி, வெளியே மாட்டுத்தோல் போர்த்துவார்கள். பிற்காலத்தில் தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் வந்தது, தாரும் பூசினார்கள். அதில் ஓட்டை விழுந்தால் நடு ஆற்றில் எல்லோருக்கும் ஆபத்து. ஆகவே நாயின் நகம் சின்ன விஷயமல்ல.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். தவெர்னியே என்ற வைர வியாபாரியின் பயண நூலை அந்த மொழியிலேயே வாசித்தேன். 1676இல் வெளிவந்த அந்த நூலில், தோல் போர்த்திய பெரிய கூடைகளில் ஆறு கடந்ததைச் சொல்கிறார். மூட்டைகள் நனையாதிருக்க அடியில் சுள்ளிக்கட்டு பரப்பி, மேலே கம்பளம் விரித்தார்களாம். குதிரைகளை ஏற்றவில்லை, கயிற்றைப் பிடித்து நீந்த விட்டார்கள்.

தெங்குமரஹடா மக்கள் வெகுகாலமாக மோயாற்றைப் பரிசலில் கடந்தே ஊர் போய்வந்தவர்கள். அரசுப் பணியில் இருந்தபோது அந்தத் துறையில் நானும் காத்திருந்திருக்கிறேன். ஒருவர் தம் நாயோடு வந்தார். பரிசல்காரர் மறுக்கவில்லை. மடித்த சாக்கை நடுவில் போட்டு நாயை அதன்மேல் உட்காரவைத்தார். நகம் அடியில் படவில்லை. அது ஓரத்துக்குத் தாவினால் பரிசல் சாயும் என்பதால், கரை சேரும்வரை கழுத்துக் கயிற்றை விடாதீர்கள் என்றார்.

தவெர்னியேயை அவர் படித்ததில்லை. அடியில் ஏதாவது விரிக்க வேண்டும் என்பதை ஆறே கற்றுக்கொடுத்திருக்கிறது. நாயோடு பரிசல் ஏறுகிறவர்கள் ஒரு சாக்கும் எடுத்துப் போங்கள்.